படகில் விட்ட மடிக்கணினி

தொலைபேசி மூன்று முறை அடிக்கட்டும் என்று பொறுத்திருந்து எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்தால், பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்துவிடுவார்கள்.

பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், காலை பத்து மணியிலிருந்து.

பெண்குரல். எங்கள் ஸ்டாக்டனுக்கும் அக்கரைக்கும் ஓடும் ஒன்பதரை மணிப் படகில், கடைசி இருக்கைக்கு அடியில் ஒரு மடிக்கணினி கிடந்ததாம். திறந்தால் கடவுச்சொல் கேட்கிறதாம். அதற்கு மேலே, கண்டெடுத்தவர் டெஸ் ஹாலோரனை அழைக்கவும் என்று இந்த எண் போட்டிருக்கிறதாம். அது நான்தானா என்று கேட்டாள்.

நான்தான் என்றேன். அது வீட்டுக்கு வராவிட்டால் என் கதி அவ்வளவுதான் என்றும் சொல்லிவைத்தேன்.

மூன்றரைக்கெல்லாம் வாசலில் நின்றாள். கெய்லீன் என்று பெயர், ஐம்பது வயது இருக்கும். இதே கரையில் நாலு தெரு தள்ளி வீடு. அக்கரை நியூகாசிலில், மீன் வறுவல் கடையில் மாலை வேலை. நான்கேகால் படகைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே மடிக்கணினியை நீட்டினாள்.

நான் வாங்கவில்லை. தொலைந்ததைக் கொண்டுவந்து கொடுப்பவருக்கு ஒரு பெட்டி பியர் கொடுப்பது எங்கள் ஊர் மரியாதை. பியரை மருத்துவர் எனக்குத் தடைசெய்துவிட்டார், தேநீராவது குடிக்காமல் போனால் ஊர் என்னைக் கடலில் தள்ளும் என்றேன். சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள்.

மேசையில் இரண்டு கோப்பைகளும் ஒரு தட்டு லாமிங்டன் கேக்கும் இருந்தன. விருந்தாளி வருகிறார்களா என்று கேட்டாள். தங்கை வருவதாக இருந்தது, கடைசி நேரத்தில் முடியவில்லை என்றேன்.

தங்கை நாட்டின் மறுகோடியில், பெர்த்தில் இருக்கிறாள். பதினோரு வருடமாக அவளுக்குக் கடைசி நேரத்தில் முடியவில்லை.

"முக்கியமானதெல்லாம் இதுல இருக்குமே டெஸ், பயமா இல்லியா?" என்று கேட்டாள் கெய்லீன்.

இந்தக் கேள்விக்காகத்தானே காத்திருந்தேன். இருபத்தாறு வருடம் மாவட்ட மருத்துவமனைக்குக் கணினிகளைப் பூட்டிக் கொடுத்தவன் நான். பூட்டு திரையில் இல்லை, உள்ளே தகவல்களைச் சேமிக்கும் வட்டிலேயே இருக்கிறது என்று விளக்கினேன். எழுதிய ஒவ்வொரு எழுத்தும் பொடிப்பொடியாகக் கலைந்து கிடக்கும். கடவுச்சொல் தெரிந்தவனுக்கு மட்டும் அது கூடி வரும். திருடன் திருகாணியைக் கழற்றி வட்டைப் பிடுங்கிக்கொண்டு போனாலும் அவனுக்கு மிஞ்சுவது மணல்தான். பசிபிக் கடல் வற்றி, அதில் புல் முளைத்து, அந்தப் புல்லை ஆடு மேய்ந்து தீர்த்தாலும் திறக்க முடியாது.

"எத்தன ஆடு?"

"நியூசிலாந்துல இருக்கிற அத்தனையும்."

கேக்கில் ஒரு கடி கடித்தாள். நான் விடவில்லை. ஒரு அறுவை மருத்துவர் காரின் கூரையில் கணினியை வைத்துவிட்டு, ஐந்து மணி நேரத் தூரத்தில் இருக்கும் டப்போ வரைக்கும் ஓட்டிப்போன கதையைச் சொன்னேன். இன்னொருவர் தூண்டில் போடும்போது நீரில் தவறவிட்டது, ஆறு மாதம் கழித்து ஒரு மீனின் வயிற்றில் விளக்கு எரிந்தபடி கிடைத்த கதையையும் சொன்னேன். என் காலத்தில் நானூறு கணினிகள் தொலைந்தன. ஒரு நோயாளியின் மூல வியாதிகூட வெளியே கசியவில்லை.

மணி நான்கு. அவள் கண் கடிகாரத்துக்குப் போவதைப் பார்த்து வேகமாக அடுத்ததை எடுத்தேன்.

எவ்வளவு பெரிய பூட்டைப் போட்டாலும் மனிதர்கள் ஒரு தப்பைச் செய்வார்கள். கடவுச்சொல்லை மஞ்சள் தாளில் எழுதி, கணினிக்கு அடியிலேயே ஒட்டிவிடுவார்கள். தலைமைச் செவிலி ஒருத்தி உதட்டுச் சாயத்திலேயே எழுதியிருந்தாள். நான் போட்ட சத்தத்தில், துறைமுகத்துக்குள் வந்துகொண்டிருந்த நிலக்கரிக் கப்பல் பயந்து திரும்பிப் போயிற்று.

கெய்லீனுக்குச் சிரித்துச் சிரித்துத் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. கைக்குட்டையால் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். அவ்வளவு சிரிக்க அதில் ஒன்றுமில்லை. இருந்தாலும் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நான்கு மணி ஐந்து நிமிடத்துக்கு எழுந்தாள். நான் இன்னொரு கதையைத் தொடங்கினேன். கதவுப் பிடியில் கை வைத்துக்கொண்டே அதையும் கேட்டாள். பிறகு, ஓடினால்தான் படகு என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

சன்னலில் நின்றேன். படகு கிளம்புகிற சத்தம் கேட்டது, அப்புறம் அதுவும் இல்லை.

கோப்பைகளைக் கழுவினேன். ஒன்றில்தான் தேநீர்க்கறை. என் கோப்பையில் தேநீர் ஊற்றவே மறந்திருந்தேன்.

மடிக்கணினியைத் திறந்தேன். கடவுச்சொல் கேட்டது. முதலெழுத்து நினைவுக்கு வந்தது, மீதி வரவில்லை. போன குளிர்காலத்திலிருந்தே இப்படித்தான்.

மூடிவிட்டு, கணினியைக் கவிழ்த்தேன்.

அடியில் மஞ்சள் தாள். அதில் என் கையெழுத்தில் கடவுச்சொல்.

அதற்குக் கீழே, நீல மையில், பொடிப்பொடியாக யாரோ எழுதியிருந்தார்கள். மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு படித்தேன்.

"உள்ள ஒண்ணுமே இல்லியே டெஸ். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அடுத்த தடவ வியாழக்கிழமை மறந்துட்டுப் போங்க. அன்னிக்கு எனக்கு லீவு."