வாசல் தெளித்த வெள்ளிக்கிழமை

பனி கொட்டும் ஊரொன்றில் ஒரு கராஜ் கதவு இருந்தது. அதைத் தூக்கி இறக்கிய மோட்டார் செத்துப்போனதால், வீட்டுக்காரி வள்ளிக்கண்ணு புதிதாக இரண்டை வரவழைத்தாள். மாட்டிப் பார்த்து ஒன்றை வைத்துக்கொள்வதாக ஏற்பாடு.

அன்று வெள்ளிக்கிழமை. வீட்டில் எல்லோரும் போய்வரும் வாசல் அதுதானே என்று, கதவடியில் ஒரு செம்புத் தண்ணீரைத் தெளித்துவிட்டாள். தெளித்த தண்ணீர் அப்படியே உறைந்து, காற்று புகாமலிருக்கக் கதவின் அடியில் பதித்திருந்த ரப்பரைக் கவ்விக்கொண்டது.

வந்த இரண்டில் முதலில் மாட்டியது பெல்ட் மோட்டார். லேசாக இழுத்ததுமே நின்றுவிட்டது.

"வலிக்குதாக்கா? கீழே ஐஸ் பிடிச்சிருக்கு. உருகட்டும், அப்புறம் தூக்கறேன்" என்றது கதவிடம்.

இத்தனை வருஷத்தில் கதவை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அதற்கு என்னவோபோல் ஆகிவிட்டது.

"இதுக்கே மூச்சு வாங்குதே!" என்று வள்ளிக்கண்ணு அதைக் கழற்றிவிட்டு, இரண்டாவதான செயின் மோட்டாரை மாட்டினாள்.

"தம்பி, கொஞ்சம் பொறு" என்றது கதவு.

"பொறுக்கவெல்லாம் எனக்குத் தெரியாதுக்கா. தூக்கத்தான் தெரியும்."

சர்ரென்று ஒரு சத்தம். கதவு மேலே போய்விட்டது. அடி ரப்பர் முழுநீளத்துக்கும் கிழிந்து ஐஸிலேயே கிடந்தது.

"மோட்டார்னா இது!" என்றாள் வள்ளிக்கண்ணு. பெல்ட் மோட்டார் பெட்டிக்குள் திரும்பிப் போயிற்று.

அடுத்த வெள்ளிக்கிழமையும் அவள் தண்ணீர் தெளித்தாள். கவ்விக்கொள்ள ரப்பர் இல்லை. கதவு சுலபமாக மேலேறியது. அடியிடுக்கு வழியாகப் பனிக்காற்று கராஜெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது.

"பார்த்தியாக்கா," என்றது செயின் மோட்டார், "நான் வந்தப்புறம் உனக்கு ஒட்டிக்கிற வியாதியே போயிடுச்சு!"