டப்பா மாறிய கதை

மேக்னம் பிரைமர் போட்டால் குண்டு இன்னும் வேகமாகப் பாயும் என்றொரு நம்பிக்கை நாடெங்கும் உலவுகிறது. பூமி தட்டை என்பவர்களைக்கூட மன்னித்துவிடலாம். அவர்களால் யாருக்கும் கண் போவதில்லை.

பிரைமர் என்பது தோட்டாவின் அடியில் பதிந்திருக்கும் பொட்டு அளவு மூடி. ரைஃபிளின் ஊசி அதைத் தட்டும், பொறி பறக்கும், உள்ளே வெடிமருந்து பற்றும். மேக்னம் என்றால் பொறி பெரிது, அவ்வளவுதான். கடுங்குளிரிலும், மந்தமாக எரியும் மருந்தை நிறைய அடைத்த தோட்டாவிலும் அது தேவை. சாதாரண பிரைமருக்கென்று உச்ச அளவுவரை அடைத்த மருந்தின் கீழே அதை வைத்தால் அழுத்தம் எகிறும். இரண்டும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். வித்தியாசம் அடிப்பக்கத்துச் சாயத்தில்தான். அதை யாரும் கவிழ்த்துப் பார்ப்பதில்லை.

அமெரிக்காவின் வயோமிங்கில், ஒரு சிற்றூர் வேட்டைக் கிளப்பில் இதைப் பாடமாக நடத்துகிறவன் வெண்டல். கேட்டுக் கேட்டு அவன் மனைவி ஆர்லீனுக்கு அது மனப்பாடம். இன்று வெண்டலின் நண்பன் டெல்மரின் சமையலறையில் இன்னொரு முறை கேட்டாள்.

டெல்மரின் வலது கண்மேல் கட்டு. போன வாரம் அவன் தானே அடைத்த தோட்டா, சுடும்போது பின்பக்கமாக வெடித்து முகத்தில் அடித்திருந்தது.

"டப்பா மேல 'சாதாரணம்'னுதான்டா போட்டிருந்துச்சு" என்றான் டெல்மர்.

"மேல போட்டிருக்கும். உள்ள இருந்தது மேக்னம். நானே கவுத்துப் பார்த்தேன், அடியில பச்சை. ஒரு சமயத்துல ஒரு டப்பாதான் மேசைமேல இருக்கணும்னு தொண்டை கிழியக் கத்தறேனே, எதுக்கு?" என்றான் வெண்டல்.

"நான் அப்படித்தான்டா வெப்பேன்."

"அப்போ பிரைமர் அடுக்கின தட்டு தானா எழுந்து நடந்துபோய் அடுத்த டப்பாவுல படுத்துக்கிச்சா?"

டெல்மர் சிரிக்கப் பார்த்தான். ஆர்லீன் சுட்டுக் கொண்டுவந்த ஆப்பிள் பலகாரம் தொடாமலே ஆறிக்கொண்டிருந்தது.

"கண்ணு போனா போகட்டும், இன்னொண்ணு இருக்கு. எனக்கு வேற பயம்டா. எங்கப்பா கடைசிக் காலத்துல குதிரையைக் கொண்டாந்து கூடத்துல கட்டினாரு. என்னையே யாருன்னு கேட்டாரு. எனக்கும் அது ஆரம்பிச்சிடுச்சா?"

ஆர்லீன் அவன் பக்கத்து நாற்காலிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

"மறதி வந்தா இங்கே தனியா விடமாட்டேன்னு ஷெரில் சொல்லிட்டா. பாய்சி நகரத்துல, அவ வீட்டுப் பக்கத்துலயே ஒரு முதியோர் இல்லம் பார்த்து வெச்சிருக்கா. மகளைக் குத்தம் சொல்ல முடியாது. ஆனா சத்தியமா, டப்பாவை மாத்தின ஞாபகமே எனக்கு இல்லடா."

"ஞாபகம் இல்லைன்னா, நீ மாத்தவே இல்லைன்னும் இருக்கலாமே, டெல்மர்" என்றாள் ஆர்லீன்.

"உனக்கு இந்த விஷயமெல்லாம் தெரியாது, சும்மா இரு" என்றான் வெண்டல். பிறகு டெல்மரின் தோளில் கையை வைத்தான். குரல் குழைந்தது. "வயசானா வர்றதுதான்டா. ஒத்துக்கிட்டா பாதி பாரம் இறங்கிடும். கவலைப்படாதே, வகுப்புல உதாரணம் சொல்லும்போது உன் பேரைச் சொல்லமாட்டேன்."

டெல்மர் ஒற்றைக் கண்ணால் ஜன்னலுக்கு வெளியே, தன் வேலியையும் அதற்கப்பால் மலையையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி. நான்தான் பண்ணியிருக்கணும்" என்றான். வெண்டல் பக்கம் திரும்பி, "உன்கிட்ட கத்துக்கிட்டவன் இப்படிப் பண்ணினா உனக்குத்தான்டா கெட்ட பேரு. மன்னிச்சுக்கோ."

வண்டியில் ஏறியதும் ஆர்லீன் பொரிந்தாள். "அடிபட்டுக் கிடக்கிற மனுஷன்கிட்ட பேசற பேச்சா அது? கல்நெஞ்சு உனக்கு."

"நல்லதுக்குத்தான் சொன்னேன்."

அவள் பெல்ட்டை மாட்டினாள். மாட்டிய கை அப்படியே நின்றது.

"வெண்டல், ஏப்ரல்ல அவன் ஷெரில் வீட்டுக்குப் போயிருந்தானே, அப்போ நம்ம ஷெட்டுல ஒழுகுதுன்னு நீ அவன் மேசையிலதானே தோட்டா அடைச்சே?"

வெண்டல் வண்டியைக் கிளப்பினான். சரளைக்கல் பாதை முடிந்து தார்ச்சாலை வந்தது.

"அன்னைக்கு அவனோட ரெண்டு டப்பாவும் வெளியதான் இருந்துச்சு" என்றான். "சாப்பிட வரச்சொல்லி நீ ஃபோன் மேல ஃபோன் போட்டே. அவசரத்துல எந்தத் தட்டை எதுல சொருகினேனோ."

"வண்டியைத் திருப்பு."

"திருப்பி? என்னன்னு சொல்றது? இத்தனை வருஷமா பாதுகாப்பு வகுப்பு எடுக்கறவன் நான். ஊர் சிரிக்கும். அவனே அவன் தப்புன்னு ஒத்துக்கிட்டான், நீயும்தானே கேட்டே?"

ஆர்லீன் ஃபோனைக் கையில் எடுத்தாள். டெல்மரின் எண்ணைத் தேடி எடுத்தாள். வீடு வந்து சேரும்வரை அது மடியிலேயே கிடந்தது.

வெள்ளிக்கிழமை ஷெரில் வந்தாள். அவள் கேட்பதற்கு முன்பே தன் பிக்கப் வண்டியின் சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டான் டெல்மர்.