பத்து எண்ணும் வரை

ஆஸ்பத்திரியின் ஏழாம் மாடி ஜன்னலில் ஈரப்பனி ஒட்டிக் கரைகிறது. கீழே தண்டவாள வளைவில் ஸ்ட்ரீட்கார் கிரீச்சிடுகிறது. கட்டிலில் உட்கார்ந்திருக்கும் ஜவ்ஃபரை, கண்ணை மூடி, உள்ளங்கை மேலே பார்க்க இரண்டு கைகளையும் நீட்டி, பத்து எண்ணும் வரை அப்படியே வைத்திருக்கச் சொல்கிறார் டொக்டர்; பலமிழந்த கை தானாகக் கவிழும். மூளைப் புற்றுக்கட்டிக்குள் ‘வளர், வளர்’ என்று ஓயாமல் போகும் சமிக்ஞையை அடைக்கிற புது மாத்திரை தொடங்கி இன்றோடு ஆறு கிழமை. அது வேலை செய்கிறதா என்று ஸ்கேன் நாளைக்குச் சொல்லும். போன மாதம் தேத்தண்ணிக் கோப்பையை நழுவவிட்ட இடது கை இப்போதே சொல்லிவிடும் என்பது மனைவி மர்லியாவின் பயம். டொக்டர் எண்ணுகிறார். நான்கிலேயே ஜவ்ஃபரின் முழங்கைகள் மடிகின்றன, உதடுகள் அசைகின்றன, கைகள் முகத்தைத் தடவி இறங்குகின்றன. டொக்டரின் பேனா அந்தரத்தில் நிற்கிறது. கை தளர்ந்ததா? மர்லியாவுக்குச் சிரிப்பு வருகிறது. உள்ளங்கை வானம் பார்த்தால் ஐம்பது வருசப் பிரார்த்தனைப் பழக்கம் சும்மா இருக்குமா! அவர் துஆ கேட்டுவிட்டார் என்று டொக்டருக்கு ஆங்கிலத்தில் விளக்கிவிட்டுக் கணவரிடம் திரும்புகிறாள். “துஆவை நான் கேக்கிறன். நீங்க கையை மட்டும் நீட்டிட்டு இரிங்க.” மீண்டும் ஒன்று, இரண்டு. மர்லியாவும் கையேந்துகிறாள். ஐந்தில் இடது சுண்டுவிரல் விலகுகிறது. ஏழில் அந்த உள்ளங்கை, ஏந்திய தண்ணீரைக் கொட்டுவதுபோல, மெல்லத் தரைபார்த்துத் திரும்புகிறது. பேனா எழுதத் தொடங்குகிறது. “மர்லியா, ரெண்டும் நேராத்தானே இரிக்கி?” கண்ணைத் திறக்காமலே கேட்கிறார் ஜவ்ஃபர். “ஓம், நேராத்தான்” என்கிறாள், ஏந்திய தன் கைகளை இறக்காமல்.