முந்திக்கொண்ட குடை

சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புக்குப் பின்தெருவில் வாழும் பெருங்குடி மக்கள் அனைவருக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில்: சுப்பராயன் வீட்டு மொட்டைமாடியில் குடை ஆன்டெனா ஏறிவிட்டது. கேபிள் கோமான் தணிகாசலத்தின் ஆட்சி அன்றோடு கலைந்தது.

கோமான் என்பது ஃப்ளெக்ஸ் பேனரில் அவரே தமக்குப் போட்டுக்கொண்ட பட்டம். அந்தப் பேனரைத் தன் பால்கனியில் கட்டக்கூடாது என்றான் சுப்பராயன். அடுத்த மேட்சின் கடைசி ஓவரில், கூடம் நிறைய ஷிஃப்ட் சிநேகிதர்கள் உட்கார்ந்திருக்க, கோமான் தாமே வந்து ஒயரைப் பிடுங்கினார்.

"சுவத்தப் பாத்துக்கினு இரு. அதுலயும் கலர் வரும்."

தெரு சிரித்தது.

சுப்பராயன் ஒரகடத்துத் தொழிற்சாலை லைனில் நிற்கிறவன். சூப்பர்வைசர் திட்டினால் ஒரு டீயில் மறந்துவிடுவான். இது டீயில் கரையவில்லை.

முதலில் செல்போன் ஆப்பை டிவியில் ஏற்றிப் பார்த்தான். அதில் பவுலர் ஓடிவரத் தொடங்கும்போதே, எதிரே தணிகாசலம் ஆபீஸில் அவுட் என்று கத்தி விசிலும் அடித்து முடித்திருந்தார்கள். ஆப்பில் எல்லாமே பிந்தித்தான் வந்தது. சீரியல் பார்க்கும் மனைவி கனகத்துக்கு அது போதும். பழி தீர்க்கிறவனுக்குப் போதாது.

அப்புறம்தான் மாதச் சந்தா கேட்காத இந்தக் குடை. கேபிளுக்கு ஊர் சுற்றி வந்த பந்து, குடைக்கு நேரே வானத்திலிருந்து விழுந்தது. ஒரு மூச்சு நேரம் முந்தி.

அந்த ஒரு மூச்சு போதும் என்று பட்டது அவனுக்கு.

ஞாயிற்றுக்கிழமை இந்தியா ஆடும் இறுதிப்போட்டி. காலையில் ஸ்ரீபெரும்புதூர் போய், ராமானுஜர் சந்நிதியில் கண்ணை மூடி நெடுநேரம் நின்றுவிட்டு வந்தான். தன் வீட்டுக்காரர் கப்புக்காக வேண்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்று கனகம் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

மத்தியானம் தணிகாசலம் தெருவில் ஷாமியானா போட்டு, தம் கேபிளில் ஓடும் பெரிய திரை கட்டி, பத்தாயிரம் வாலாவைத் தெருநீளத்துக்கு விரித்து வைத்தார். ஒரு கையில் மைக். மறுகையில் ஊதுபத்தி.

சுப்பராயன் டிவியை மொட்டைமாடிக்குத் தூக்கிப் போய்க் கைப்பிடிச் சுவரோரம் உட்கார்ந்தான்.

ஃபோர் என்பான். அப்புறம் கீழே திரையில் ஃபோர் போகும். அவுட் என்பான். ஸ்டம்ப் பிறகுதான் பறக்கும். ஒருமுறைகூடப் பொய் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் ஜனம் திரையை விட்டுவிட்டு மாடியைப் பார்க்க ஆரம்பித்தது. கோமானும் ஓரக்கண்ணால் மாடியைத்தான் பார்த்தார்.

கடைசிப் பந்து. எதிரணி ஜெயிக்க இரண்டு ரன் வேண்டும்.

குடையில் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டது. இந்தியா தோற்றது. அந்தத் தெருவில் அது சுப்பராயன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கினான்.

"ஜெயிச்சிட்டோம்ணே. கொளுத்துங்க."

கோமான் கொளுத்தினார். பாரதம் வென்றது என்று மைக்கில் முழங்கினார்.

வாலாவின் முதல் வெடி வெடிக்கும்போதே திரையிலும் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டி, எதிரணி மைதானத்துக்குள் குதித்து ஓடிவந்தது. மைக் நின்றுபோயிற்று. வாலா நிற்குமா? வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, வெடித்துக்கொண்டே போகும் சரத்தை மிதித்து அணைக்கப் பின்னாலேயே ஓடினார் கோமான். நாடு தோற்றதற்கு வெடி போட்டவரை, தெருவிலிருந்த அத்தனை செல்போனும் படம் பிடித்தது.

கனகம் கண்ணைத் துடைத்துக்கொண்டே மாடி ஏறி வந்தாள்.

"இன்னாய்யா சாமி அது. நீ அவ்ளோ நேரம் நின்னு கேட்டத குடுக்கல பாரு."

சாமி கொடுத்துவிட்டது. இந்தியா தோற்க வேண்டும் என்றுதான் அவன் வேண்டிக்கொண்டான்.