சிவப்புக்கு ஏறும் முள்

வீட்டைச் சூடாக்கும் கொதிகலனின் அழுத்தமுள் சிவப்புக்கு ஏறினால்தான் மகன் சேந்தன் வருவான். அதனால் பூமலர் அதன் அடியில், தெருக்குழாயிலிருந்து அதற்குத் தண்ணீர் ஏற்றும் சிறு குழாயின் திருகைச் சற்றுத் திறந்து வைத்திருந்தாள். வந்தவன் அறைச் சுவரில் சூடு பரப்பும் ரேடியேட்டரின் கீழ் கிண்ணத்தைப் பிடித்து நீரை வடித்தான். முள் பச்சைக்கு இறங்கியது.

“திரும்பவும் ஆரம்மா திறந்தது?”

“பேயாக்கும்.”

“அப்ப பேய்க்கு ஒரு வழி செய்வம்.” சிரித்துக்கொண்டே அந்தக் குழாயையே கழற்றிப் பைக்குள் வைத்தான். அது பொருந்தியிருந்த இரண்டு முனைகளுக்கும் மூடி போட்டு இறுக்கினான். “இனி நான் வரத் தேவையில்லை.”

“புட்டு அவிச்சிருக்கிறன், ராசா.”

“காரைப் பிழையான இடத்தில விட்டிட்டு வந்தனான் அம்மா.”

அவன் போனபின் பூமலர் ஒரு மூடியைத் திருகிப் பார்த்தாள். அசையவில்லை. அதற்குப் பின்னால் தெருவின் தண்ணீரெல்லாம் வந்து முட்டிக்கொண்டு நின்றது.