கொசுறு

ஐம்பத்திரண்டு வயதில் மறுபடி மாலை மாற்றப்போகும் குதூகலத்தில், ஞானசுந்தரி கைபேசியில் திறந்த இணையப் புடவைக்கடையில் முகூர்த்தப் புடவையைச் சொன்ன விலைக்கே வாங்கக் கார்டு எண்ணைத் தட்டிவிட்டாள். கடையின் இயந்திரக் குரல் தடுத்தது.

“மன்னிக்கணும். கண், கைரேகை எல்லாம் சரி. ஆனா இந்தக் கார்டுக்காரங்க பதினோரு வருஷமா பேரம் பேசாம ஒண்ணும் வாங்கினதில்ல. நீங்க அவங்கதான்னு நிரூபிங்க. இல்லேன்னா கார்டு முடங்கிடும்.”

நாளை மறுநாள் முகூர்த்தம். கோபத்தை வரவழைத்துப் பார்த்தாள்; சிரிப்புதான் வந்தது. பக்கத்தில் கல்யாண மாப்பிள்ளை மாசிலாமணி விழுந்து விழுந்து சிரித்தார்.

“கொசுறா ரெண்டு முழம் மல்லி வெச்சாத்தான் எடுப்பேன்,” என்றாள் ஒருவழியாக.

“சரிபார்த்தாச்சு, ஞானசுந்தரி மேடம். உங்க கல்யாணத்துக்குக் கடையோட பரிசா மூணு முழமே வைக்கிறோம்.”

“அது பரிசு. கொசுறு எங்க?”