சிவப்பு அம்பு

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், பனியன் கம்பெனி முதலாளி சலாவுதீன் தம் 1964ஆம் வருஷத்துக் காருக்கு, எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் தேர்ந்தெடுக்கத் தொடங்கிவிட்டார். மகள் ஷைமாவை நிக்காஹ் மண்டபத்துக்கு அதில்தான் கூட்டிப்போவேன் என்று திருப்பூர் முழுக்கச் சொல்லியாயிற்று.

வால்வு ஸ்பிரிங், டேப்பட் என மற்ற எஞ்சின் பாகங்கள் எல்லாம் பொருத்தமாக அமைந்தன. கேம்ஷாஃப்ட்டில் மட்டும் ஒரு கீறல். பழுதான பனியனில் ஒட்டுகிற சிவப்பு அம்பு ஸ்டிக்கரை அதில் ஒட்டி, கையெழுத்திட்டு, ரிஜெக்ட் மூட்டையில் போட்டார். அம்பு ஒட்டிய எதுவும் கம்பெனி கேட்டைத் தாண்டக் கூடாது. அவர் போட்ட சட்டம்.

வேறு கடையிலிருந்து சீல் உடைக்காத பெட்டி வந்தது. உள்ளே அதே கீறல், அதே அம்பு, அதில் அவர் கையெழுத்து. ரிஜெக்ட் மூட்டையைப் போய்ப் பார்த்தார்; காலியாக இருந்தது. மூன்றாவது பெட்டியிலும் அதேதான்.

"இதையே மாட்டிருங்க," என்றார் கம்பெனி மெக்கானிக் ஆறுச்சாமியிடம்.

கல்யாணத்தன்று காலை, கம்பெனிக்குள் நின்ற காரின் எஞ்சின் பட்டுப்போல ஓடியது. சலாவுதீன் ஏறிக் கதவைச் சாத்தினார். கண்ணாடியில் பார்த்தால், சட்டைக் காலரில் சிவப்பு அம்பு. கதவு திறக்கவில்லை.

"ஏனுங்க ஆறுச்சாமி, கதவைத் திறங்க! கேட்டையும் திறங்க!"

"ரிஜெக்ட் பீஸ் கேட்டைத் தாண்டக் கூடாதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க," என்றார் ஆறுச்சாமி, மிகப் பணிவாக.

ஷைமா ஆட்டோவில் போனாள்.